விரல் காட்டிய இடம்

எனக்கு வாய் நீளம் என்பார்கள். உண்மைதான். பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு நாலு சீட்டைப் பிடித்துவைக்கிற ஆளோடு விளாத்திகுளத்தில் தொடங்கி எட்டயபுரம் வரைக்கும் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் காக்கி ஒன்று கண்ணில் பட்டால் போதும், அந்த நீள வாய் எங்கே போய் ஒளியுமோ தெரியாது. ஒருமுறை கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் காக்கி பேண்ட் போட்டிருந்தார். நான் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, என் பெயர், அப்பா பெயர், வீட்டு நம்பர் மூன்றையும் ஒப்பித்துவிட்டேன். அவர் மிரண்டுபோய், "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், மீட்டரு எங்கன இருக்கு?" என்றார்.

நாங்கள் முகாம் ஆட்கள். இலங்கையில் சண்டை நடந்தபோது படகில் தப்பி வந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம், குளத்தூர் போகிற பாதையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது. அம்மா பத்து வயதில் வந்து இறங்கியவள். இறங்கிய தேதி அவளுக்கு மறக்காது. வருடா வருடம் அந்தத் தேதியில் வீட்டில் மீன் சமைக்க மாட்டாள். நான் பிறந்தது கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில். விளாத்திகுளத்தில் பிரசவம் பார்க்க முடியாது என்று கைவிரித்துவிட்டதால், மிளகாய் வத்தல் ஏற்றிப் போன ஒரு வேனில் அம்மாவை ஏற்றி அனுப்பினார்களாம். தும்மித் தும்மியே உன்னைப் பெற்றேன் என்று சொல்லிச் சிரிப்பாள். பிறகு நான் கோவில்பட்டிக்குக் காலேஜ் போன பஸ் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போகும்.

முகாமில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்கிங். அன்றைக்கு எல்லோரும் இருக்க வேண்டும். வெளியூரில் பெயின்ட் அடிக்கப் போன அப்பாக்கள் முந்தின நாளே பஸ் ஏறி வந்துவிடுவார்கள். வேப்பமரத்தடியில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நிற்பார். பெயர் கூப்பிட்டதும் எழும்பி நிற்க வேண்டும். எழும்பாவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் இல்லை என்றால் ஏன் இல்லை, எங்கே போனான், யாரைக் கேட்டுப் போனான் என்று நீளும். மேசைக்குப் போனால் பெரிய பதிவேட்டின் மேல் அதிகாரி ஒரு மர ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பிடித்திருப்பார். கையெழுத்துப் போடுகிற கட்டம் மட்டும்தான் தெரியும். அவர் விரல் காட்டுகிற இடத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்லுவோம். அவர் நம் கண்ணெதிரே கடைக்குப் போயிருந்தாலும் தெரியாது. நாம் ஒன்று சொல்ல, அவர் வேறொன்று சொல்ல, இரண்டையும் எழுதிக்கொண்டு போய்விட்டால் குடி கெட்டது. தன் பெயருக்குத் தான் எழும்ப வேண்டும், அடுத்தவர் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. இதை யாரும் எங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. நடக்கப் பழகினது மாதிரி இதுவும் பழகிவிட்டது.

இந்தப் பழக்கம்தான் என்னைக் காலேஜில் மாட்டிவிட்டது.

அப்போது நான் இரண்டாம் வருடம் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்து சீட்டுக்காரி கழுகுமலைக்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்லுவார்கள். அவளுக்கு ஆடுவதென்றால் உயிர். வீட்டிலோ இரண்டு அண்ணன்மார், ஆட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே கண் சிவக்கும். காலேஜ் ஆண்டு விழாவில் நானும் அவளும் ஜோடியாக ஆடுவதென்று முடிவு செய்திருந்தோம். வீட்டில் அவள் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வருவாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் காலேஜ் லீவு. அவள் அட்டெண்டரிடம் செமினார் ஹால் சாவியை வாங்கினாள். போனில் பாட்டைப் போட்டு இரண்டு மணி நேரம் ஆடினோம். எனக்கு நாலு மணி பஸ்ஸை விட்டால் விளாத்திகுளத்தில் அடுத்த பஸ் கிடைக்காது என்பதால் நான் முதலில் கிளம்பிவிட்டேன். அவள் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதாகப் பேச்சு. திங்கட்கிழமை ஹாலைத் திறந்தபோது மேசையில் இருந்த புரஜெக்டரைக் காணோம்.

எங்கள் காலேஜ் செக்யூரிட்டி ஆபீசர் போலீஸில் ஏட்டாக இருந்து ரிடையர் ஆனவர். எல்லோரும் ஏட்டையா என்றே கூப்பிடுவார்கள். மீசையில் மை, தலையில் தொப்பி, காலில் பழைய பிரவுன் ஷூ, ரிடையர் ஆகியும் காக்கி பேண்டை மட்டும் விடவில்லை. கெட்ட மனிதர் இல்லை. பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் கேட்டை அகலத் திறந்துவிடுவார். நான் மட்டும் தினமும் அவர் கண்ணில் படாமல் சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பீரியடில் அவர் வகுப்புக்குள் வந்தார். பாடம் நடத்திக்கொண்டிருந்த சாரிடம் ஏதோ சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல செமினார் ஹாலுக்குள்ள போனது யாரு? போனவிய எந்திரிங்க."

யோசிக்கவே இல்லை. கால் தானாக எழும்பிவிட்டது. எழும்பின பிறகுதான் பார்க்கிறேன், ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் ஒருத்தி நிற்கிறேன். பக்கத்தில் என் சிநேகிதி நோட்டில் ஏதோ கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். ஸ்கேல் வைக்காமலே கிழித்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

"நீ மட்டுந்தானா?" என்று கேட்டார் ஏட்டையா.

தெரியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. என்னோடு யார் இருந்தார்கள் என்று எனக்கே தெரியாது என்றால் அதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா! பேசாமல் நின்றேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

செக்யூரிட்டி ரூம் கேட்டுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட சின்ன அறை. பங்குனி வெயில். உள்ளே போனதும் ஐ.டி. கார்டைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். பின்பக்கம் திருப்பி விலாசத்தைப் படித்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. சிம் கார்டு வாங்கப் போன கடையில் பார்த்திருக்கிறேன், வாடகை சைக்கிள் கேட்ட இடத்தில் பார்த்திருக்கிறேன்.

"கேம்ப் பிள்ளையா? இத்தன நாளா எனக்குத் தெரியாமப் போச்சே. அப்பா என்ன பண்ணுதாரு?"

"பெயின்ட் வேலைங்க ஐயா."

"இப்ப எங்கன இருக்காரு?"

"கோயம்புத்தூர்ல."

"சொல்லிட்டுத்தான போயிருக்காரு?"

புரஜெக்டர் காணாமல் போனதற்கும் அப்பா கோயம்புத்தூரில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? இன்றைக்குக் கேட்பேன். அன்றைக்கு, "சொல்லிட்டுத்தான் ஐயா" என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தானே எழுத ஆரம்பித்தார். ரொம்ப நேரம் எழுதினார். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க மேல் பாதியில் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டு, என் பக்கம் நகர்த்தி, அடியில் ஆள்காட்டி விரலால் தட்டினார்.

"இங்கன ஒரு கையெழுத்துப் போடு தாயி. சும்மா ஒரு பார்மாலிட்டிதான்."

விரல் காட்டிய இடத்தில் போட்டேன். தேதியும் போட்டேன். அவர் கேட்கவில்லை, நானாகவே அப்பா பெயரையும் எழுதி முகாம் பெயரையும் எழுதினேன். நல்ல பிள்ளை என்று சொல்லாத குறைதான். பேனாவை மூடி அவர் சட்டைப் பைக்கு நீட்டிய பிறகுதான் கேட்டேன், இதை என்ன செய்வீர்கள் என்று.

"நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு அனுப்பணும். ஒங்க கேம்ப் ஆபீசருக்கும் ஒரு காப்பி. அவியதான விசாரிக்கணும்? ஒண்ணும் பயப்படாத. நீ எடுக்கலைன்னா ஒனக்கு என்ன?"

எனக்கு என்ன என்று அவருக்குத் தெரியாது. முகாம் ஆள் மேல் கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால் எங்களைப் போட்டுவைக்கத் தனியாக ஒரு இடம் உண்டு. சிறப்பு முகாம் என்று பெயர். கேட்டால் ஏதோ நல்ல இடம் மாதிரி இருக்கும். அது பூட்டுப் போட்ட இடம். எங்கள் வரிசையில் ஒரு அண்ணனை இப்படித்தான், சும்மா ஒரு விசாரணை, சாயங்காலம் வந்துவிடலாம் என்று கூட்டிப்போனார்கள். போனபோது அவர் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்தபோது அவள் நடக்கப் பழகி, ஓடவும் பழகி, இவரைப் பார்த்து ஓடி ஒளிந்துகொண்டாள். கேஸில் ஒன்றும் இல்லை என்றுதான் கடைசியில் சொன்னார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் நான் வெளியே எதையும் பார்க்கவில்லை. எட்டயபுரம் தாண்டியதும் ரோட்டோரக் களத்தில் வத்தல் காயப் போட்டிருந்தார்கள், பஸ்ஸே சேர்ந்து இருமியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. பின்னால் ஒரு போலீஸ் ஜீப் வந்தது. எங்கள் பஸ்ஸை மறிக்கத்தான் வருகிறது என்று நினைத்து ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன். ஜீப் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு அதன் பாட்டுக்குப் போய்விட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே ஓடுவது? மரம் மட்டை இல்லாத காடு, ஒரு ஆடு நின்றாலே இரண்டு மைலுக்குத் தெரியும்.

அம்மா குழாயடியில் குடத்தோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே குடத்தை வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முப்பது வருடம் இங்கே இருந்தும் வீட்டுக்குள் அவள் பேச்சு மாறவில்லை.

"என்ன பிள்ளை நடந்தது?"

சொன்னேன். அவள் புரஜெக்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்தாயா என்று கேட்கவே இல்லை. அவள் கேட்டது இரண்டே கேள்வி.

"கையெழுத்து வச்சனியோ?"

"ஓம்."

"வாசிச்சனியோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்து, "நானும் ஒருநாளும் வாசிச்சதில்லை" என்றாள்.

பிறகு அவள், "அந்தக் கழுகுமலைப் பிள்ளை உன்னோட இருந்தவள்தானே?" என்று கேட்டாள்.

"இருந்தா. அவ பேரைச் சொன்னா அவ படிப்பு போயிடும்மா. அண்ணன்மார் காலை ஒடிச்சுப் போடுவாங்க."

"சொல்லாட்டி உன்ர வாழ்க்கை போயிடும்."

ஆனால் சொல் என்று அவளும் சொல்லவில்லை. அவள் வாயில் அது வராது. அப்பாவுக்குப் போன் போட நம்பரை எடுத்தாள், பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்பா பதறிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினால் அது இன்னொரு வம்பு.

மறுநாள் காலை அம்மாவும் என்னோடு புறப்பட்டாள். இருக்கிற சேலையில் நல்லதைக் கட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் குடும்ப அட்டை, போட்டோக்கள், என் மார்க் ஷீட், தடுப்பூசி அட்டை வரைக்கும் அள்ளிப் போட்டுக்கொண்டாள். தடுப்பூசி அட்டை எதற்கம்மா என்றேன். எதைக் கேட்பாங்களோ யார் கண்டது என்றாள்.

கேட்டில் ஏட்டையா அவளை நிறுத்தினார். விசிட்டருக்குப் பத்து மணிக்கு மேல்தான் அனுமதி என்று சொல்லிவிட்டு, அவராகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நிழலில் போட்டு உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். ஏட்டையாவின் மேசையில் இரண்டு நீள கவர்கள் ஒட்டித் தயாராக இருந்தன. ஒன்றின் மேல் எழுதியிருந்த எங்கள் முகாம் பெயரை என்னால் தலைகீழாகவே படிக்க முடிந்தது. பதினோரு மணிக்குத் தபாலை எடுத்துக்கொண்டு அட்டெண்டர் போய்விடுவார்.

அப்போதுதான் எங்கள் துறைத் தலைவி மேடம் ஸ்கூட்டரில் வந்தார். கோவில்பட்டிக்காரர்தான். கோபக்காரர் என்று பெயர். வைவா நாளில் அவர் பெயரைச் சொன்னாலே பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். வெயிலில் நிற்கிற அம்மாவைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

"யாரும்மா நீங்க? யாரைப் பாக்கணும்?"

அம்மா மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள். முகாம் பெயர், வரிசை, வீட்டு நம்பர், அட்டை நம்பர், எந்த வருடம் எந்த மாதம் எந்தக் கரையில் வந்து இறங்கினது.

மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் இதெல்லாம் கேக்கலையே. ஒங்க பேரு என்ன?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெயரைச் சொன்னாள். ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள்.

நான் போட்ட கையெழுத்தைப் பற்றி அம்மா சொல்லி முடித்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் நாலு பேரும் மேடம் அறையில் இருந்தோம். ஏட்டையா கவர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மேடம் ஒன்றைக் கிழித்துத் தாளைப் பிரித்து, சத்தமாகவே வாசித்தார். அப்போதுதான் நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கே தெரிந்தது. சனிக்கிழமை ஒன்றரை மணியிலிருந்து நான் தனியாக ஹாலில் இருந்தேனாம். கடைசியாக வெளியே வந்தது நானாம். புரஜெக்டர் பற்றிக் கேட்டபோது பதில் சொல்ல மறுத்தேனாம். கடைசி வரி, தகப்பனார் தற்போது ஊரில் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இது நீ சொன்னதா?" என்று கேட்டார் மேடம்.

நான் கிழிந்து கிடந்த கவரையே பார்த்தேன்.

"கேக்குதேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? தனியாத்தான் இருந்தியா?"

தனியாக இல்லை என்றால் யார் கூட என்று அடுத்த கேள்வி வரும். அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் ஊமையாவது என்பார்களே, அது சும்மா சொல்கிற பேச்சு இல்லை.

மேடம் என்னை விட்டுவிட்டு ஏட்டையா பக்கம் திரும்பினார்.

"ஹாலு பூட்டியிருக்குமே. சாவி எப்படி வந்துச்சு?"

"அட்டெண்டர்கிட்ட வாங்கியிருக்காவ மேடம்."

"சாவி நோட்டு பாத்தீங்களா?"

ஏட்டையா தொப்பியை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார்.

"பாத்தீங்களா, பாக்கலையா?"

"பாத்தேன் மேடம்."

"யாரு கையெழுத்து?"

அவர் என் சிநேகிதியின் பெயரைச் சொன்னார். நான் ஒரு ராத்திரி முழுக்க விழுங்கிக்கொண்டு கிடந்த பெயர், அது நேற்றே அவருக்குத் தெரியும்! சாவி வாங்கினதும் அவள், திருப்பிக் கொடுத்ததும் அவள் என்று நோட்டில் இருந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் வகுப்புக்கே வந்திருக்கிறார்.

"அந்தப் பிள்ளைகிட்ட எழுதி வாங்குனீங்களா?"

"அது நம்ம ஊருப் பக்கத்துப் பிள்ளை மேடம். அவிய அப்பாவ எனக்கு நல்லாத் தெரியும், எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்தவிய. நல்ல குடும்பம். அதக் கூப்பிட்டு என்னன்னு கேக்கது?"

அவர் இதை ஒளிவு மறைவாகச் சொல்லவில்லை. தப்பு செய்த முகமே இல்லை. நியாயத்தைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

"ஒங்களுக்கு வீடு தெரிஞ்ச பிள்ளைய ஒண்ணும் கேக்க மாட்டீங்க. வீடு தெரியாத பிள்ளைய ஸ்டேஷனுக்கு அனுப்புவீங்க. அப்படித்தான?" மேடம் குரலை உயர்த்தவில்லை. "ஹாலு வாசல்ல கேமரா இருக்கே, அது?"

"அது ஓடலை மேடம். மூணு மாசமாச்சு."

மேடம் ஆள் அனுப்பி என் சிநேகிதியைக் கூப்பிட்டார். அவள் வாசலில் வந்து நின்றதும் நான் பார்த்தது அவள் கையைத்தான். துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறு மாதிரி ஆக்கியிருந்தாள். அம்மாவை அவளுக்குத் தெரியும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறாள். அம்மா தனக்குப் போட்ட நாற்காலியில் அப்போதும் உட்காரவில்லை. அவளைப் பார்த்ததும் அந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி, "இரு பிள்ளை" என்றாள்.

அவ்வளவுதான். அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

"நானும் இருந்தேன் மேடம். சாவி நாந்தான் வாங்குனேன். இவ நாலு மணி பஸ்ஸுக்கு முன்னாடியே போயிட்டா. நாந்தான் பூட்டுனேன். நான் பூட்டும்போது அது மேசைலதான் இருந்துச்சு, சத்தியமா. எங்க அண்ணனுக்கு மட்டும் போன் போட்டுராதீங்க மேடம், என்னைப் படிக்க விட மாட்டாவ." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, நேத்து எந்திரிக்கணும்னுதான் நெனச்சேன், காலு வரல" என்றாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. இல்லையென்று சொன்னால் பொய். அவள் பயத்துக்கு ஒரு வீடும் இரண்டு அண்ணன்மாரும் இருக்கிறார்கள், என் பயத்துக்கு எல்லையே இல்லையே என்று மனசு கொதித்தது. ஆனாலும் அவள் இன்னும் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"இப்ப இந்தப் பிள்ளை பேருல எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்புதீங்களா?" என்று மேடம் ஏட்டையாவைக் கேட்டார். "கடைசியாப் பூட்டுனது அவதானே. ஒங்க கணக்குப்படி அதான முறை?"

ஏட்டையாவின் முகம் முதன்முதலாகச் சுருங்கியது. "என்ன மேடம் இப்படிச் சொல்லுதீங்க? பச்சப் பிள்ளை மேடம். வாழ்க்கையே போயிருமே."

"அப்ப இவ?"

ஏட்டையா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அம்மா கட்டிப்பிடித்திருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "தப்புத்தான் மேடம்" என்றார்.

காலேஜ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தது. பொருள் காணோம் என்று மட்டும் எழுதியிருந்தார்கள், யார் பெயரும் அதில் இல்லை. மேடமே எழுதி, பிரின்சிபாலிடம் கையெழுத்து வாங்கினார். அந்தக் கட்டிடத்துக்குச் சாவி வாங்கின எல்லோரையும், வாத்தியார்கள் உட்பட, ஒரே மாதிரி கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கழுகுமலைக்கு யாரும் போன் போடவில்லை. புரஜெக்டர் இன்றுவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது.

அந்த வாரமே கேட் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். மாணவர் யாரிடம் எழுதி வாங்குவதென்றாலும் வீட்டாரோ ஆசிரியரோ பக்கத்தில் இருக்க வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு நகலை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும், ஊரையும் விலாசத்தையும் வைத்து யாரையும் தனியாக விசாரிக்கக் கூடாது என்று இருந்தது. ஏட்டையாதான் பசை தடவி ஒட்டினார். கோணலாக ஒட்டிவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "நேரா இருக்கா பாரு தாயி" என்றார். கோணலாகத்தான் இருந்தது. நேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகாமில் செக்கிங். அப்பா வந்திருந்தார், விரல் நகத்தில் பச்சைப் பெயின்ட் போகவில்லை. அம்மா அவரிடம் எதையும் சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழும்பினேன். மேசைக்குப் போனேன். மர ஸ்கேல் குறுக்கே கிடந்தது. அதிகாரியின் விரல் கட்டத்தைக் காட்டியது.

நான் பேனாவை எடுத்தேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ!

"சார், ஸ்கேலைக் கொஞ்சம் எடுங்க. வாசிச்சிட்டுப் போடுறேன்."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்ற அம்மா என் முதுகில் கிள்ளினாள், சதை பிய்கிற மாதிரி. அதிகாரி, "என்ன புதுசா இருக்கு?" என்றார், ஆனால் ஸ்கேலை எடுத்துவிட்டார்.

ஒரே ஒரு வரிதான். என் பெயர், அப்பா பெயர், வயது, படிப்பு எல்லாம் சரியாக இருந்தது. அதற்கு அடுத்த கட்டத்துக்குத் தலைப்பு, இந்தியாவுக்கு வந்த நாள். அதில் என் பெயருக்கு நேரே, நாங்கள் வீட்டில் மீன் சமைக்காத அந்தத் தேதி இருந்தது. கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில் நான் பிறப்பதற்குப் பல வருடம் முன்னால், அம்மா பத்து வயதுப் பிள்ளையாகப் படகிலிருந்து இறங்கிய தேதி. பதினெட்டு வயதிலிருந்து மாதம் தவறாமல் இதற்குத்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"சார், நான் எங்கேயிருந்தும் வரலை" என்றேன். "நான் இங்கதான் பிறந்தேன்."

"அதையெல்லாம் இங்க மாத்த முடியாதும்மா. மனு எழுதிக் குடு. இப்பப் போடு, பின்னால ஆளுக நிக்காங்க."

அவர் விரல் மறுபடி அந்தக் கட்டத்தைக் காட்டியது. அம்மா கிள்ளின இடம் எரிந்தது. கையெழுத்துப் போட்டேன். பிறகு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அடுத்து அம்மா மேசைக்கு வந்திருந்தாள். அதிகாரி ஸ்கேலை எடுத்துப் பழையபடி குறுக்கே வைத்தார். அம்மா பேனாவை வாங்காமல், அந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.